விஞ்ஞானப் பாடமும் பயிற்சி ஆசிரியரின் மனமும்

மரத்திலிருந்து வடியும்போது வெள்ளை வெளேரென்றிருக்கும் ரப்பர்ப் பால், வெட்டுக்கோட்டிலேயே காய்ந்து ஒட்டுப்பாலாகும்போது ஏன் கறுத்துப் போகிறது? தோட்டத்தில் வளரும் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வகுப்பறையில் எழுந்து நின்று இவ்வாறு கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மூன்று வகையாக நடந்துகொள்ளக்கூடும். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று அதட்டலாம். தமக்குத் தெரிந்த விடை ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். "நல்ல கேள்வி கேட்டாய். நாளை வரும்போது ஒரு கத்தரிக்காய் கொண்டு வா, பார்ப்போம்" என்றும் கூறலாம்.

இம்மூன்று ஆசிரியர்களும் ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் பயிற்சி பெற்று, ஒரே சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர்களாகக்கூட இருக்கலாம். மூன்றாமவருக்கும் விடை முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரியாததைக் கண்டு அவர் அஞ்சவில்லை. இந்த அஞ்சாமையைத்தான் கல்வியாளர்கள் விஞ்ஞானத்தின்பால் ஆசிரியருக்குள்ள மனப்பான்மை என்று அழைக்கின்றனர். ஆசிரியராகப் பயிற்சி பெறும் இளைஞரிடம் இம்மனப்பான்மை எவ்வாறு அமைந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, மாற்ற இயலுமா என்பன உலகெங்கும் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகின்றன. நம் பிள்ளைகளின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பொருள் என்பதால் இம்மாதம் இதனை எடுத்துக்கொண்டோம்.

ஒரே சாலையின் இரு முனைகள்

இதனை விளக்க நாம் தேர்ந்தெடுத்த இடம் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள கிளமெண்டி. தோட்டப்புறத்து வாசகர்களுக்கு அடுக்குமாடி நகரம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் சிங்கப்பூர்த் தீவிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவை மறைந்து, கிளமெண்டி போன்ற வீடமைப்பு நகரங்கள் 1970களில் எழுந்தன. 1988இல் பெருவிரைவு ரயிலும் அங்கே வந்து சேர்ந்தது. நாம் கவனிக்க வேண்டியது கட்டடங்களின் உயரத்தை அன்று. அங்கே விஞ்ஞானத்தின் உச்சியும் அடிவாரமும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதையே.

கிளமெண்டி சாலையின் தென் முனையை ஒட்டிய கெண்ட் ரிட்ஜ் குன்றில், 1980இல் இரு பல்கலைக்கழகங்களை இணைத்து உருவாக்கப்பட்ட சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கென அப்பல்கலைக்கழகத்தின் பெயரால் 2005இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியும் கிளமெண்டியிலேயே உள்ளது. ஒரு நிலையம் தள்ளி ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கினால், 1977 டிசம்பரில் திறக்கப்பட்ட அறிவியல் மையத்தை அடையலாம்.

அதே சாலையில் வடக்கே சென்றால் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் வருகிறது. தமிழ் மொழி இலக்கியத்தில் பட்டம் பெற விரும்புவோர் அங்கே கற்கின்றனர். அதனை அடுத்து நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. 1963இல் கல்லூரியாகத் தோன்றிய அந்நிறுவனம் 1968இல் கிளமெண்டி சாலைக்கு இடம் மாறியது. பாலர் பள்ளி ஆசிரியராக விரும்பும் இளைஞர்கள் பயிற்சி பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. 2019இல் நிறுவப்பட்ட தேசிய பாலர் பருவ மேம்பாட்டுக் கழகத்தின் வளாகங்களுள் ஒன்று இக்கல்லூரியில் அமைந்தது. தமிழ்க் கல்வியையும் பாலர் கல்வியையும் இணைத்துக் கற்பிக்கும் பட்டயப் படிப்பும் இக்கல்லூரியில் தொடங்கப்பட்டது.

பாலர் பள்ளி ஆசிரியருக்கு விஞ்ஞானம் எதற்கு என்று ஐயுறுவோர் உண்டு. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் விஞ்ஞானம் மூன்றாம் வகுப்பில்தான் தனிப்பாடமாகத் தொடங்குகிறது, அதுவும் ஆங்கிலத்தில். ஆயினும் அந்நாட்டின் கல்வி அமைச்சு 2012இல் வெளியிட்ட பாலர் கல்விக் கட்டமைப்பு, உலகைக் கண்டறிதல் என்பதனைக் கற்றல் துறைகளுள் ஒன்றாக வைத்தது. எளிய சோதனைகளின் வாயிலாகப் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன, நிகழ்வுகள் ஏன் நிகழ்கின்றன என்று பிள்ளைகள் தாமே கண்டறிய வேண்டும் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று.

இங்கே நம்மவர்க்கு ஒரு சிக்கல் உள்ளது. சிங்கப்பூரில் 1960 முதல் 1982 வரை உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி தமிழ் வழியே கல்வி புகட்டியது. அப்பள்ளி மூடப்பட்டபின், அந்நாட்டில் தமிழாசிரியர் என்பவர் மொழிப்பாடம் மட்டும் கற்பிப்பவர் என்றாயிற்று. ஆகவே ஒரு தமிழ்ப் பிள்ளை தன் தாய்மொழியில் "ஏன்?" என்று கேட்டு விடை பெறக்கூடிய பள்ளி வாய்ப்பு, பெரும்பாலும் பாலர் பள்ளியிலுள்ள தமிழாசிரியரிடந்தான் இருக்கிறது. அந்த ஆசிரியர் "விஞ்ஞானம் எனக்குரிய துறை அன்று" என்று ஒதுங்கிக்கொண்டால், தமிழ் கதைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியது, ஆராய்ச்சிக்கு வேறு மொழி வேண்டும் என்ற எண்ணம் ஐந்து வயதிலேயே பிள்ளையின் உள்ளத்தில் பதிந்துவிடும். பின்னர் எத்தனை மேடைகளில் எத்தனை பேர் முழங்கினாலும் அதனைப் பெயர்த்தெடுப்பது அரிது.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்குள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கக் கல்வி முழுவதும் தமிழாசிரியரின் பொறுப்பு. மொழி கற்பித்த அதே ஆசிரியர் மறுமணி நேரம் விஞ்ஞானம் கற்பிக்க நேர்வதும் இயல்பு. சிங்கப்பூரில் ஒதுங்கிக்கொள்ள வழி உண்டு. இங்கே வழி இல்லை. ஆதலால் பயிற்சிக் கழகத்தில் பயிலும் நம் இளைஞர்களின் மனப்பான்மை இங்கே இன்னும் முக்கியமாகிறது.

அச்சத்தை அளப்பது எவ்வாறு?

மனப்பான்மை தராசில் நிறுக்கக்கூடிய பொருள் அன்று. எனினும் அதனை அளக்கப் பல வழிகள் உருவாக்கப்பட்டுள்ளன. அமெரிக்க ஆய்வாளர்களான எனாக்ஸ், ரிக்ஸ் ஆகிய இருவர் 1990இல் பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே 23 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றையும் படித்து, முழுமையாக ஏற்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அக்கூற்றுகள் இரு வகையின. என்னால் விஞ்ஞானத்தைச் சரியாகக் கற்பிக்க இயலுமா என்ற தன்னம்பிக்கையைப் பற்றியது ஒரு வகை. நல்ல முறையில் கற்பித்தால் மாணவர் உண்மையிலேயே முன்னேறுவரா என்ற எதிர்பார்ப்பைப் பற்றியது மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒன்றல்ல. "நல்லாசிரியர் கற்பித்தால் எந்தப் பிள்ளையும் கற்கும், ஆனால் அந்த நல்லாசிரியர் நானல்லேன்" என்று உள்ளூர எண்ணுகின்ற பயிற்சி ஆசிரியர் இருக்கக்கூடும் என்பதை இப்பகுப்பு நமக்குக் காட்டுகிறது. பல நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளில் இப்பட்டியல் இன்றும் பயன்படுகிறது.

வேறொரு முறை இன்னும் சுவையானது. காகிதத்தைக் கொடுத்து, "ஒரு விஞ்ஞானியின் படத்தை வரைக" என்று கேட்பது. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1966 முதல் 1977 வரை 4,807 பிள்ளைகளிடம் இவ்வாறு படம் பெற்று, 1983இல் முடிவை வெளியிட்டார். வெள்ளை அங்கி, மூக்குக்கண்ணாடி, முகத்தில் தாடி, சுற்றிலும் குடுவைகள்: இவையே திரும்பத் திரும்ப வந்தன. பெண் விஞ்ஞானியை வரைந்த படங்கள் 28 மட்டுமே. அவற்றை வரைந்தவர்கள் அனைவரும் சிறுமியர். பயிற்சி ஆசிரியர்களுக்காக இம்முறையைச் சிறிது மாற்றி, "விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியராக உம்மையே வரைக" என்று கேட்கும் சோதனை 2001இல் வெளிவந்தது. கரும்பலகைக்கு முன் ஆசிரியர் நின்று பேச, பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருக்கும் படம் வந்தால் ஒரு மதிப்பெண் முறை. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்து எதையோ செய்துகொண்டிருக்க, ஆசிரியர் ஓரத்தில் நிற்கும் படம் வந்தால் வேறு மதிப்பெண் முறை. சொல்லால் மறைக்கக்கூடிய மனத்தைக் கை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மதிப்பெண்ணைக் காட்டிலும் பயன் தருவது, அஞ்சுகின்ற ஆசிரியர் வகுப்பில் என்ன செய்கிறார் என்று காண்பது. ஸ்காட்லாந்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை ஆராய்ந்த வின் ஹார்லனும் ஹோல்ராய்டும் 1997இல் இதனை விரிவாக எழுதினர். தன்னம்பிக்கை குறைந்த ஆசிரியர் விஞ்ஞானத்தை இயன்ற அளவு குறைத்துக் கற்பிக்கிறார். செடி, விலங்கு போன்ற பழகிய பகுதிகளிலேயே தங்கி, மின்சாரம், விசை போன்றவற்றைத் தவிர்க்கிறார். நூலையும் பயிற்சித் தாளையும் இறுகப் பற்றிக்கொள்கிறார். தாமே பேசிப் பேசி நேரத்தை நிரப்பி, கேள்விக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார். தவறிப் போகக்கூடிய சோதனை எதனையும் தொடுவதே இல்லை.

இவ்வகுப்பை வெளியிலிருந்து பார்க்கும் தலைமையாசிரியருக்கு ஒரு குறையும் தோன்றாது என்பதையும் சொல்ல வேண்டும். வகுப்பு அமைதியாக இருக்கும். குறிப்பேடுகள் நிரம்பியிருக்கும். தேர்விலும் பிள்ளைகள் தேறிவிடக்கூடும். கேட்கப்படாமற் போன கேள்விகளுக்குத்தான் பதிவேடு கிடையாது.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

பயிற்சி ஆசிரியரைக் குறை கூறுவது எளிது; நியாயமன்று. தொடக்கப்பள்ளி ஆசிரியராக வருபவர் பலர் பதினைந்து பதினாறு வயதில் கலைப்பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் கடைசியாகக் கண்ட விஞ்ஞானம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த விஞ்ஞானம். மலேசியாவில் விஞ்ஞானப் பிரிவுக்கு 60 விழுக்காடு, கலைப்பிரிவுக்கு 40 விழுக்காடு என்ற இலக்கு 1970 முதலே கல்விக் கொள்கையில் இருந்து வருகிறது. அந்த இலக்கு எட்டப்படாமலேயே ஆண்டுகள் கடந்தன. அஞ்சி விலகியவர் ஆசிரியராகித் திரும்பி வந்து, தம் அச்சத்தையே அடுத்த தலைமுறைக்குப் பாடமாக நடத்தினால் இலக்கு எவ்வாறு எட்டப்படும்?

அச்சம் உண்மையிலேயே தொற்றுமா என்பதற்குச் சான்று உண்டு. அது விஞ்ஞானத்தைப் பற்றியதன்று, அதன் உடன்பிறப்பாகிய கணிதத்தைப் பற்றியது. 2010இல் அமெரிக்காவில் சையன் பைலாக்கும் உடன் ஆய்வாளர்களும் முதலிரு வகுப்புகளுக்குக் கற்பிக்கும் 17 ஆசிரியைகளையும், அவர்களிடம் பயின்ற 65 சிறுமியரையும் 52 சிறுவரையும் ஓராண்டு கவனித்து எழுதினர். ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியையின் அச்சத்துக்கும் பிள்ளைகளின் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை. ஆண்டின் முடிவிலோ, கணிதத்துக்கு அஞ்சும் ஆசிரியையிடம் பயின்ற சிறுமியரிடையே, கணிதம் ஆண்பிள்ளைகளுக்கே வரும் என்ற எண்ணம் மிகுந்திருந்தது; அவ்வாறு எண்ணிய சிறுமியரின் தேர்ச்சியும் குறைந்திருந்தது. சிறுவரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. பதினேழு ஆசிரியைகளை மட்டும் கொண்டு உலகுக்கே தீர்ப்புக் கூற இயலாது என்பது உண்மை. ஆயினும் பெண்பிள்ளைகளை உடைய பெற்றோர் இதனை மனத்தில் கொள்ளுவது நன்று.

மொழியும் அச்சத்துக்குக் காரணமாகிறது. மலேசியாவில் 2003இல் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை புகுத்தப்பட்டது; அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பிறகு 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. இவற்றுள் எது சிறந்தது என்று இங்கே வழக்காடப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: பள்ளியில் ஒரு மொழியிலும் பயிற்சிக் கழகத்தில் வேறொரு மொழியிலும் கற்று, வகுப்பில் மூன்றாவது மொழியில் கற்பிக்க வேண்டியவர், சொல் தடுமாறும்போதெல்லாம் தமக்குப் பொருளே தெரியாது என்று எண்ணிவிடுகிறார். சொல் தெரியாமை வேறு, பொருள் தெரியாமை வேறு. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுதத் தெரிந்தும், நிழலில் வைத்த செடி ஏன் வெளிறுகிறது என்று யோசித்தே பாராதவர் உண்டு. மாறாகச் சொல்லை அறியாமலே பொருளைக் கையால் அறிந்தவர்கள் உண்டு. அவர்களுள் பலர் இக்கட்டுரையைப் படிப்பவர்கள்.

உளி பிடித்த கையில் உள்ள விஞ்ஞானம்

பால் வெட்டுபவர் விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்வது ஏன்? வெயில் ஏறினால் பால் குறையும் என்பது தோட்டத்தில் அனைவருக்கும் தெரியும். அதன் காரணமும் எளிதே. பட்டையினுள் இருக்கும் பால்குழாய்களில் இரவு முழுவதும் நீர் நிறைந்து அழுத்தம் கூடுகிறது. விடியும் நேரத்தில் அவ்வழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு அளவில் இருக்கும். கார் டயரினுள் உள்ளதைவிட மிகுதி. கதிரவன் எழுந்ததும் இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்க, குழாய்களில் அழுத்தம் தாழ்கிறது, ஓட்டமும் குறைகிறது.

வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக நிற்பதில்லை; மரத்தைச் சுற்றிச் சிறிது சாய்ந்து ஏறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால் அதே நீளத்தில் கூடுதலான குழாய்கள் அறுபடும். மறுபக்கம் சாய்த்து வெட்டினால் அறுபடும் குழாய்களும் குறையும், பாலும் குறையும். பட்டைக்கு உட்புறமுள்ள வளர்படலத்தைப் புண்படுத்தாமல் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும் என்பதும் சோதனையால் அறிந்ததே. கிளமெண்டியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி இம்முறையை வகுத்தார். ரப்பரைப் பயிரிடும்படி கண்ட தோட்ட முதலாளிகளையெல்லாம் அவர் வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயரெடுத்தார். அப்பைத்தியத்தின் பயனாக எழுந்ததே மலாயாவின் ரப்பர்த் தொழில்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். ரப்பர்ப் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. வேறு பல பொருள்களும் உள்ளன. அவற்றுள் சில, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது, பாலிலேயே உள்ள ஒருவகை நொதியின் செயலால் கரும் நிறம் பெறுகின்றன. அரிந்து வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இவ்வகை மாற்றத்தாலேயே. அதனால்தான் மூன்றாம் ஆசிரியர் கத்தரிக்காயைக் கேட்டார். பாதியை வெறுமனே வைத்து, மறுபாதியில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி, அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகளையே பார்க்கச் சொன்னால், புளிப்பு அந்த மாற்றத்தைத் தடுக்கிறது என்று அவர்களே கூறுவர்.

மனம் மாறிய இடங்கள்

மனப்பான்மையை மாற்ற இயலுமா என்ற வினாவுக்கு, இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் ஒரு நல்ல விடை. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பாடநூலை மனனம் செய்வதற்குப் பதிலாக, பிள்ளைகள் குழுவாக அமர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதிக்க வேண்டும். 1978இல் அம்மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிவடைந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்ற அமைப்பு அதனைப் பேணியது. 2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது வருந்தத்தக்கது.

அங்கே ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சியே நமக்கு முக்கியம். சிற்றூர்களிலிருந்து வந்த ஆசிரியர்களைப் பிள்ளைகளைப்போல் குழுவாக அமர்த்தி, பிள்ளைகள் செய்யவிருந்த அதே சோதனைகளை அவர்களையே செய்யவைத்தனர். விஞ்ஞானம் படித்த ஆசிரியர், படியாத ஆசிரியர் இருவருக்கும் ஒரே பயிற்சி. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அருகே அமர்ந்திருந்தனர். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பேராசிரியரும் "தெரியவில்லை, செய்து பார்ப்போம்" என்று கூறும் நேரங்கள் வந்தன. தெரியவில்லை என்று பேராசிரியரே கூசாமல் சொல்வதைக் கேட்டபின், சிற்றூர் ஆசிரியருக்கு எதற்கு வெட்கம்? மாணவருக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தேர்வு எழுதவும் அனுமதி இருந்தது.

அத்திட்டத்தில் 1978இல் சேர்ந்து உழைத்த அர்விந்த் குப்தா என்ற பொறியாளர், தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு முக்கோணம், கனசதுரம், வீடு, பாலம் என்று செய்து காட்டும் முறையை உருவாக்கினார். வால்வுக் குழாய் என்பது மெல்லிய ரப்பர்க் குழாய். நம் மரங்களிலிருந்து வடிந்த பால், யாரோ ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் கையில் வடிவியல் பாடமாயிற்று!

ரப்பரையே பொருளாக வைத்துப் பயிற்சி ஆசிரியரின் அச்சத்தைப் போக்கும் சோதனை ஒன்றும் உண்டு. செலவு சில காசுகள். அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து, சட்டென்று நன்றாக இழுத்து, உடனே உதட்டில் வைக்க வேண்டும், இளஞ்சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து, பின் தளரவிட்டு மீண்டும் உதட்டில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். அடுத்து, அவ்வளையத்தில் ஒரு சுமையைத் தொங்கவிட்டு, வளையத்தைச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்ல வேண்டும். சூடாக்கினால் பொருள் விரியும் என்று படித்தவர்கள், வளையம் நீளும் என்றே எழுதுவர். வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றிப் பார்த்தால் அது சுருங்கிச் சுமையை மேலே தூக்கும்! ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள் போன்றவை. சூடு ஏற ஏற அவை துள்ளிச் சுருண்டுகொள்ள முயல்கின்றன. இதனை 1805இல் எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் காஃப். சிறுவயதில் அம்மையால் பார்வையிழந்தவர் அவர். உதட்டின் உணர்வைக் கொண்டே ரப்பரின் சூட்டை அறிந்தார்.

இச்சோதனையின் சிறப்பு, அறையிலுள்ள அனைவரும் ஏறக்குறைய ஒரே தவற்றைச் செய்வதுதான். பட்டதாரியும் தவறாக எழுதுவார், கலைப்பிரிவில் பயின்றவரும் தவறாக எழுதுவார். எதிர்பார்த்தது நிகழாதபோது விஞ்ஞானம் தொடங்குகிறது என்பதை ஒரு முறை உடலால் உணர்ந்த பயிற்சி ஆசிரியர், வகுப்பில் சோதனை தவறிவிடுமே என்று பின்னர் அவ்வளவாக அஞ்சமாட்டார். பயிற்சிக் கல்லூரி விரிவுரையில் பத்து மணி நேரம் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும், இவ்வாறான ஒரு மணி நேரம் மேலானது என்பது நம் கருத்து.

பெற்றோர் செய்யக்கூடியது

தோட்டத்துப் பெற்றோர் பலர் பள்ளிக்குச் செல்வது அறிக்கை அட்டையில் கையொப்பம் இடும் நாளில் மட்டுமே. ஆசிரியர் படித்தவர், நமக்கு என்ன தெரியும் என்ற கூச்சமே காரணம். ஆசிரியருக்கோ விஞ்ஞானத்திடம் கூச்சம். இரு கூச்சங்களுக்கும் நடுவே பிள்ளை நிற்கிறது. பள்ளிக்குப் புதிதாகப் பயிற்சி ஆசிரியர் வந்திருப்பதாகப் பிள்ளை கூறினால், ஒருநாள் சென்று பார்த்து, "ஐயா, எங்கள் வேலையைப் பற்றி வகுப்பில் சொல்ல வேண்டுமானால் நாங்கள் வருகிறோம்" என்றோ, "டீச்சர், உளியும் மங்கும் காட்ட வேண்டுமா?" என்றோ கேட்கலாம். அவர் நகரத்தில் வளர்ந்தவராயின் ரப்பர் மரத்தைத் தொட்டுப் பார்த்தே இருக்கமாட்டார். கேட்கப்பட்டதற்கு மகிழ்வார்.

பாலை உறையவைத்துக் காட்டுவது சிறுவர் வகுப்புக்கு மிகப் பொருத்தமானது. ரப்பர்ப் பாலில் மிக நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள புரதப் படலத்தில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. புளிப்பு சேர்ந்ததும் அம்மின்னேற்றம் நீங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அம்மோனியா சேர்த்தால் பால் நீண்ட நாள் உறையாமல் இருப்பது இதற்கு நேர்மாறான செயல்.

இதனை வகுப்பில் செய்யும்போது தோட்டத்தில் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லலாகாது. அது தோலைச் சுடும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதற்குப் பதிலாக எலுமிச்சைச் சாறோ சமையல் காடியோ போதுமானது. உறைவதற்குச் சற்று நேரம் கூடுதலாகலாம். இரண்டு மங்குகளில் சம அளவு புதுப்பாலை ஊற்றி, ஒன்றில் மட்டும் சாற்றைச் சேர்த்து, மற்றதை அப்படியே விட வேண்டும். எது முதலில் உறையும், எவ்வளவு நேரத்தில் உறையும் என்று பிள்ளைகள் முன்னதாகவே சிலேட்டிலோ தாளிலோ எழுதிவைக்கட்டும். ஆசிரியரும் அவர்களோடு எழுதட்டும். பால் அன்று காலை வெட்டியதாக இருத்தல் வேண்டும். சிலருக்கு ரப்பர்ப் பால் பட்டால் தோல் தடிக்கும் ஆதலால், அத்தகைய பிள்ளைகளைத் தொடவிடாமல் அருகிலிருந்து பார்க்கச் செய்வது நலம். சோதனை முடிந்தபின் அனைவரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.